நாளைக்கான அரைப்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

ராத்திரி ஒன்பது மணி. கடைக்காரர் ஷட்டரை இறக்குகிற நேரம். அப்போதுதான் பிள்ளை வந்து சொல்லும்: "அம்மா, நாளைக்கு சார்ட் பேப்பர் கொண்டுபோகணும்." டீச்சர் சொன்னது திங்கட்கிழமை. இன்று வியாழன். உடனே நம் வாயில் வருவது, "கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா?" பல நேரம் அது பொறுப்பு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. திங்கட்கிழமை காதில் விழுந்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு, நடுவில் வந்த விளையாட்டையும் டிவியையும் தாண்டி, கடை திறந்திருக்கும்போதே எடுத்துச் சொல்ல ஒரு திறன் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

உளவியலில் இதை எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்பார்கள். மூளையின் நிர்வாகத் திறன் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் மூன்று வேலைகளை முக்கியமாகச் சொல்கிறார்கள். கையிலிருக்கும் வேலைக்கு வேண்டியதை மனதில் நிறுத்திவைப்பது ஒன்று. கையும் வாயும் முந்திக்கொள்ளாமல் அடக்குவது இன்னொன்று. நிலைமை மாறினால் போக்கை மாற்றிக்கொள்வது மூன்றாவது. அடக்குகிற திறனைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. "காக்கா பற பற, குருவி பற பற" என்று விளையாடுவோமே, நடுவில் "எருமை பற பற" என்றதும் எத்தனை கைகள் மேலே போகின்றன! பெரியவர்கள் கையும்தான் போகிறது.

இந்த வேலைகளில் பெரும்பங்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு. அது முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. பத்து வயதில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று நினைப்பது நம்முடைய அவசரம். அதுவரை மூளைக்கு வெளியே ஒரு துணை இருந்தால் நல்லது. ஒரு நோட்டும் பென்சிலும் அதற்குப் போதும்.

சரி, டைரி எழுதச் சொல்லலாம் என்று பல வீடுகளில் ஆரம்பிக்கிறார்கள். "காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். பள்ளிக்குச் சென்றேன். தூங்கினேன்." நான்காம் நாள், "நேற்று மாதிரியேதான்" என்று ஒரே வரி. ஐந்தாம் நாள் அதுவும் இல்லை. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. முடிந்துபோன நாளை வரிசையாகச் சொல்வதில் யோசித்து முடிவெடுக்க என்ன இருக்கிறது? அதனால் பெற்றோரிடம் நான் கேட்பது, நாளைய டைரியை இன்றே எழுதச் சொல்லுங்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி என்ற ஊரில் 1962-ல் பெர்ரி பாலர் பள்ளித் திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களின் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கானது. அங்கே உருவான முறையில், விளையாடப் போகும் முன் குழந்தை என்ன செய்யப் போகிறது என்று சொல்ல வேண்டும். அப்புறம் செய்ய வேண்டும். முடிந்தபின் உட்கார்ந்து என்ன ஆயிற்று என்று பேச வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கே இது முடிகிறது என்றால், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முடியாதா?

இன்னொரு ஆய்வும் உண்டு. அது பெரியவர்களை வைத்துச் செய்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைப் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு குழு இனிச் செய்ய வேண்டியதை எழுதியது, மற்றக் குழு முடித்ததை எழுதியது. செய்ய வேண்டியதை எழுதியவர்கள்தான் சீக்கிரம் தூங்கினார்கள், சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாக. 2018-ல் வந்த ஆய்வு. நாளைய வேலை தாளில் இறங்கிவிட்டால் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு படுக்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

எப்படி எழுதுவது? அரைப்பக்கம் போதும். நாளைக்குச் செய்ய வேண்டியது இரண்டோ மூன்றோ. ஆனால் "நன்றாகப் படிப்பேன்" என்று எழுதினால் அது சபதம், அதை யாரும் நிறைவேற்றுவதில்லை. "சாயங்காலம் டிபன் சாப்பிட்டதும் கணக்கு நோட்டைத் திறப்பேன்" என்று எழுத வேண்டும். எதற்கு அப்புறம் எது என்று முடிச்சுப் போட்டுவிட்டால், அந்த நேரம் வரும்போது புதிதாக மனதைத் திரட்ட வேண்டியதில்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது.

இனி நான் மிகவும் முக்கியமாக நினைப்பது. ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் எவ்வளவு நேரம் ஆகும் என்று பிள்ளையே ஒரு குத்துமதிப்பு எழுத வேண்டும். மறுநாள், உண்மையில் எவ்வளவு ஆயிற்று என்று அதன் பக்கத்தில் எழுத வேண்டும். இந்தியா மேப்பில் ஆறுகளைக் குறிக்க "இருபது நிமிடம்" என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கும். ஆனது ஒரு மணி நேரத்துக்கு மேல். ஏன் என்று கேட்டால் காரணம் வரும்: நீலப் பென்சில் காணோம், ஷார்ப்னர் தேட எழுந்ததும் டிவியில் மேட்ச், திரும்ப வந்தபோது கோதாவரி எங்கே என்று மறந்துவிட்டது. இதில் ஆறுகள் குறிக்க ஆன நேரம் உண்மையில் அந்த இருபது நிமிடம்தான்! மிச்சமெல்லாம் எழுந்து நடந்ததில் போனது. இதை நாம் நூறு தரம் சொன்னாலும் காதில் ஏறாது. தன் கையெழுத்தில் இரண்டு எண்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், அடுத்த மேப்புக்குப் பென்சில் டப்பாவை முதலில் எடுத்து வைக்கத் தோன்றும். பெரியவர்களும் இப்படித்தான் நேரத்தைக் குறைத்துக் கணக்குப் போடுகிறோம். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். தையல்காரர் சொன்ன தேதியில் சட்டை கிடைத்த அனுபவம் யாருக்கு இருக்கிறது?

தேர்வுக் காலத்தில் மட்டும் நோட்டுக்கு வேறொரு வேலை கொடுக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பெய்லாக் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தை எழுதினார்கள். எப்போதும் தேர்வு என்றால் நடுங்குகிற பிள்ளைகளுக்கு அது மதிப்பெண்ணில் உதவியது. "பயப்படாதே" என்று சொல்வதை விட, "பயத்தை எழுது" என்று சொல்லிப் பார்க்கலாம்.

பெற்றோர் செய்யக்கூடாததும் இருக்கிறது. சிவப்புப் பேனாவோடு அந்த நோட்டுப் பக்கம் போகாதீர்கள். ஒற்றெழுத்து விடுபட்டிருக்கும், கையெழுத்துக் கோழி கிளறியது போல் இருக்கும், இருக்கட்டும். "பார்த்தியா, நீயே எழுதியிருக்க, செஞ்சியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், மறுநாளிலிருந்து நமக்குப் பிடித்தது மட்டும்தான் அதில் வரும். பிள்ளை காட்டினால் பாருங்கள். கேட்பதானால், "நாளைக்கு எதை முதல்ல எடுத்துக்கப் போற?" என்று கேளுங்கள். எழுதவே பிடிக்காத குழந்தை படம் வரையட்டும், இல்லை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் விட்டுப்போகட்டும், விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

டைரி எழுதினால் மூளையே கூர்மையாகிவிடும் என்று விலை கூறி நோட்டு விற்பவர்களை நம்ப வேண்டாம். இத்தகைய திறன்களில் எதைப் பழகுகிறோமோ அதுதான் தேறுகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. திட்டமிட்டுப் பழகினால் திட்டமிட வரும். அதற்கு மேல் உறுதி கொடுக்க என்னால் முடியாது.

எவ்வளவு பழகியும் ஒரு பிள்ளை ஐந்து நிமிடம் உட்கார முடியாமல், பொருட்களைத் தினமும் தொலைத்துக்கொண்டு, வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரி திண்டாடினால், நோட்டை மூடி வைத்துவிட்டு குழந்தை நல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிலைக்காமல், அடங்காத துறுதுறுப்போடு இருக்கும் நிலை, இது போன்றவற்றுக்கு முறையான உதவி உண்டு. திட்டி அதைச் சரிசெய்ய முடியாது. உதவி கிடைத்த பிறகு அதே நோட்டை அவர்கள் ஆலோசனையோடு மறுபடி திறக்கலாம்.

நன்றி, வணக்கம்.