பழவேற்காட்டுக்கு ஒரு முழு நாள்

நேயர்களுக்கு வணக்கம். ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை வட்டாரத்துக்காரன் நான். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு என்று வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவன். அதனால் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பழவேற்காடு ஏரிப் பக்கம் வருவதென்றால் முதலில் எனக்குத்தான் போன். எல்லாரும் கேட்பது மூன்று கேள்வி. பூநாரை எங்கே நிற்கும்? நல்ல நண்டு எங்கே கிடைக்கும்? டச்சுக் கல்லறைக்கு எப்படிப் போவது? நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று விசாரித்தீர்களா?

சிரிப்பார்கள். இருக்கட்டும். வானொலியில் வரைபடம் காட்ட முடியாது, ஆனால் இதற்கு வரைபடமே வேண்டாம். கிழக்கே வங்கக்கடல். அதை ஒட்டி நீளமாக ஒரு மணல் திட்டு. ராக்கெட் விடுகிறார்களே, அந்த ஸ்ரீஹரிகோட்டா அதன்மேல்தான் இருக்கிறது. திட்டுக்கு மேற்கே ஏரி. உப்புத்தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி நம் நாட்டில் பெரியது இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் மட்டும் நம்மிடம். அந்தத் தெற்கு ஓரத்தில்தான் பழவேற்காடு ஊரும், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரமும். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொண்டுவந்து தள்ளும், வாய் திறக்கும். வெயில் ஏற ஏறக் கடல் மணலைக் கொண்டுவந்து போட்டு அடைக்கும்.

அடைத்தால் என்ன ஆகும்? இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் வளர்வது ஏரிக்குள். வாய் அடைத்துவிட்டால் குஞ்சு எந்த வழியாக உள்ளே வரும்? நிரந்தரமாகத் தூண்டில் வளைவு, அதாவது மணல் அடைக்காமல் தடுக்கும் கல் சுவர், கட்டிக்கொடுங்கள் என்று மீனவர்கள் பல காலமாகக் கேட்டுவந்தது இதனால்தான்.

சரி, பூநாரைக்கு வருவோம். மழை ஓய்ந்து தண்ணீர் வடிய ஆரம்பித்ததும், ஜனவரியிலிருந்து மார்ச் வரை பார்க்கலாம். என்னைக் கேட்டால் பழவேற்காட்டுப் படகுத்துறையைவிட, சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலைதான் நல்லது. சாலை ஏரியை அறுத்துக்கொண்டு போகிறது, இரண்டு பக்கமும் பறவை. ராக்கெட் ஏவும் நாளாகப் பார்த்து மட்டும் போகாதீர்கள், சோதனையிலேயே பாதி நாள் போய்விடும். பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து மேயும். அலகுக்குள்ளே சல்லடை மாதிரி இருக்கிறது. சேற்றுத் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும், பாசியும் பொடி இறாலும் உள்ளே தங்கிவிடும். அந்த இளஞ்சிவப்பு நிறம் அந்தத் தீனியிலிருந்து ஏறுவதுதான். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் சில நிற்கும். அவை வேறு பறவை இல்லை, இளசுகள். இங்கே அவை குஞ்சு பொரிப்பதில்லை, அதெல்லாம் குஜராத்தில் கட்ச் ரண் என்கிற உப்புச் சதுப்பு நிலத்தில். இங்கே வருவது சாப்பாட்டுக்கு. நம்மைப் போலத்தான்!

சாப்பாடு என்றதும் நண்டு. நேரம் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த என் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு காலையில் பழவேற்காடு மீன் சந்தைக்குப் போனேன். சேற்று நண்டு, கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். மைத்துனர் இருப்பதிலேயே பெரிதாக ஒன்றைக் கையில் எடுத்தார். விற்கிற அம்மா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

"சார், இது தண்ணி நண்டு. ஓடுதான் பெருசு. உள்ள ஒண்ணும் இல்ல."

"நீங்களே விற்கிற பொருளை இப்படிச் சொல்றீங்களே?"

"நாளைக்கும் இங்கதான சார் உக்காரணும்."

பிறகு எங்களுக்குப் பாடமே நடத்தினார். நண்டைத் திருப்பிப் பிடித்து, கால் ஆரம்பிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அடி ஓட்டைக் கட்டை விரலால் அழுத்த வேண்டும். உள்வாங்கினால் சமீபத்தில் ஓடு கழற்றிய நண்டு, சதை இருக்காது. கல் மாதிரி நின்றால் எடுக்கலாம். வயிற்று மடிப்பு அகலமாக இருந்தால் பெண், குறுகலாக இருந்தால் ஆண். மைத்துனர் பிறகு சந்தையில் இருந்த நண்டையெல்லாம் அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார், அந்த அம்மா "போதும் சார், கையக் கடிச்சிடும்" என்று துரத்தினார். இந்தப் பெண் நண்டும் முட்டை விட ஏரியைத் தாண்டிக் கடலுக்குத்தான் போகும். எந்த வழியாக? மறுபடியும் முகத்துவாரம். நான் சொன்னதையே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், எங்கே தொட்டாலும் அங்கேதான் போய் நிற்கிறது.

மீன் வேண்டுமென்றால் மடவை கேளுங்கள். ஏரி மடவைக்குப் புளி கரைத்து ஊற்றிய குழம்பு எங்கள் பக்கம். எல்லை தாண்டி நெல்லூர்ப் பக்கம் போனால் அதே குழம்பில் மாங்காய் விழும், காரமும் ஒரு படி ஏறும். எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன், இரண்டு பக்கமும் எனக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிப்பதிலும் 'பாடு' என்று ஒரு ஒழுங்கு உண்டு. எந்த இடத்தில் யார், என்றைக்கு வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள்.

டச்சுக்காரர்கள் வந்ததும் இந்தத் தண்ணீரை நம்பித்தான். 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்கள் தலைமையிடம் இதுதான். பெரிய கப்பல்கள் ஆழக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கு சின்னப் படகுகளில் போய் வரும். நம்மூர்த் துணி கிழக்குத் தீவுகளுக்குப் போனது, அங்கிருந்து கிராம்பும் ஜாதிக்காயும் வந்தன. துணி மட்டும் போகவில்லை. பஞ்சத்திலும் போரிலும் அகப்பட்ட மனிதர்களை அடிமைகளாக்கி இதே கரையிலிருந்து படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றினார்கள். கல்லறைக்குள் நிற்கும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கோட்டை இன்றைக்கு முள்ளும் மேடும்தான். கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். குழந்தைகள் பயப்படாது, போட்டோ எடுக்கத்தான் சண்டை போடும். உள்ளே கிடக்கும் கல் பலகைகளைக் குனிந்து பாருங்கள், எழுத்தைச் சுற்றி அவ்வளவு நுணுக்கமான வேலை.

அடடா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். செம்புரைக் கல்லில் கட்டிய கோயில், ராமாயணக் காட்சிகள் விரல் அளவில் இருக்கும், கிட்டப் போய்ப் பாருங்கள். சின்னப் பள்ளிவாசலில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது, கேட்டுவிட்டு உள்ளே போங்கள். ஊர்ப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டியைப் பேரம் பேசாமல் வாங்குங்கள். நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக் கூழைக்கடா இன்னொரு நாளைக்கு. படகில் ஏறினால் உயிர்காப்பு உடை கேட்டு வாங்கிப் போடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். காலை முதல் ரயிலைப் பிடியுங்கள், பத்து மணிக்கு மேல் போனால் நல்ல நண்டெல்லாம் வண்டி ஏறியிருக்கும். வணக்கம்.