முழு மார்க் வாங்கியவர் பந்திக்கு ஏன் வரவில்லை?

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழர்கள் நிறைய வாழும் கொழிஞ்சாம்பாறையில் பேசியது, சற்றுச் சுருக்கி)

எல்லாருக்கும் வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட், டாக்டர் அல்ல. மாத்திரை பற்றிய கேள்விகளை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதம் வந்து தேறுகிறவருக்கு நாங்கள் பெரும்பாலும் பார்த்தெல் அளவுகோலில் மார்க் போடுவோம். 1965இல் வந்தது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கக்கூஸ் போவது என்று பத்து வேலைகள், மொத்தம் 100. சட்டென்று முடிந்துவிடும், ஆஸ்பத்திரிக்குத் தோதானது. படி ஏறுவதற்கு அதில் 10 மார்க் உண்டு. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவதற்கு ஒன்றும் கிடையாது. நம் ஓட்டு வீடுகளில் எது அதிகம் தேவை என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த தென்னந்தோப்புக்காரர் ஒருவருக்கு வலது கை விழுந்துவிட்டது. இடது கையில் ஸ்பூன் பிடித்துத் தானே சாப்பிடுகிறார். சாப்பாட்டுக்கு உள்ள 10 மார்க்கும் அவருக்குத்தான். ஆனால் கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டு நேரே பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுவார். அத்தனை பேர் நடுவில் இலையில் இடது கையை வைப்பதா என்ற கூச்சம். இப்போது அதுவும் இல்லை, மனைவியை மட்டும் அனுப்புகிறார். மனைவி திரும்பி வந்து யார் யார் விசாரித்தார்கள் என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பார்த்தெல் கணக்கில் இவர் நன்றாகத் தேறியவர்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1999 வாக்கில் பக்கவாதத்துக்கென்றே தனிக் கேள்வித்தாள்கள் வந்தன. ஸ்ட்ரோக் இம்பாக்ட் ஸ்கேல் என்பதில், இப்போது புழங்கும் வடிவத்தில் 59 கேள்விகள். கை வலு, நடையோடு பேச்சு, ஞாபகம், மனநிலை எல்லாம் வரும். நாலு பேரோடு கலந்து பழக முடிகிறதா, கோயில் குளம் போக முடிகிறதா என்பதும் வரும். கடைசியில், எவ்வளவு தேறியிருக்கிறோம் என்று 0 முதல் 100 வரை நோயாளியே சொல்ல வேண்டும்.

நோயாளியேதான். நம் வீடுகளில் மகன் முந்திக்கொள்வார்: “அப்பாவுக்கு ஒண்ணும் முடியறதில்லைங்க.” கவனித்துக்கொள்கிறவர்கள் போடும் மார்க் பெரும்பாலும் நோயாளி தனக்குப் போடுவதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. அதை மகன் எதிரில் எந்த அப்பா சொல்வார்?

பாலியேட்டிவ் வேலையாக, அதாவது தீராத நோயில் இருப்பவர்களைக் கவனிக்க, வீடு வீடாகப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மகனை டீ வாங்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள். மலையாளத்தில் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினால் தமிழில் இன்னொரு முறை கேளுங்கள். பேச்சு வராதவர்களுக்கென்றே 39 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. கேள்வியைப் பெரிய எழுத்தில் காட்டி, பதிலை விரலால் தொடச் சொல்லலாம். அப்புறம், தாளின் மேலே தேதியோடு பதில் சொன்னது யார் என்பதையும் எழுதுங்கள். இன்றைக்கு அப்பாவும் மூன்று மாதம் கழித்து மகனும் சொன்னால், மார்க் ஏறியதா இறங்கியதா என்று யாராலும் கணக்குப் போட முடியாது.