கடைசிக் கோப்பு போன பிறகு

வணக்கம் நேயர்களே. ராத்திரி கடை பூட்டும்போது விளக்கை அணைக்கிறோம், ஃபேனை அணைக்கிறோம். கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டுப் போகிறோம், அதில் பேக்கப் ஓட வேண்டுமே என்று. பேக்கப் முடிந்ததும் அது தானாக அணைவதற்கு என்ன வழி என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

சின்னக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இரவு 9 மணிக்குப் பேக்கப் தொடங்கவும், 11 மணிக்குக் கம்ப்யூட்டர் அணையவும் நானே அமைத்துக் கொடுத்தேன். வழக்கமாக முக்கால் மணி நேர வேலைதான். இரண்டு மணி நேரம் தாராளம் என்று நினைத்தேன். தை பிறந்தது, அடுத்தடுத்து முகூர்த்தங்கள். வீடியோக்கள் வந்து குவிந்தன. 11 மணி ஆனதும் பாதியிலேயே கம்ப்யூட்டர் அணைந்தது. மறுநாள் மிச்சம் போய் முடிவதற்குள் புதிதாக இன்னொரு கல்யாணம் சேர்ந்துகொண்டது. அந்த வாரக் கடைசியில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பேக்கப் டிஸ்க்கைத் திறந்தால், ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு வரை படங்கள் இருந்தன. முகூர்த்தம் இல்லை. பெண்ணின் அப்பா மவுஸை வாங்கி, முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். கடைசிப் படம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். தவறு என்னுடையது. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

அன்றிலிருந்து மணி பார்த்து அணைக்கும் ஏற்பாட்டை நான் யாருக்கும் செய்வதில்லை. பேக்கப் முடிந்ததா என்று பார்த்துத்தான் அணைய வேண்டும்.

விண்டோஸில் இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். கோப்புகளை நகலெடுக்கும் ரோபோகாப்பி என்ற கட்டளை, விஸ்டா என்ற பழைய பதிப்பின் காலத்திலிருந்தே அதற்குள் இருக்கிறது. நோட்பேடில் முதல் வரியாக ரோபோகாப்பி கட்டளை, அதற்கடுத்த வரியில் ஷட்டவுன் கட்டளை. இதை பேட்ச் ஃபைலாக, அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பாகச் சேமித்து, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்துவிடலாம். முதல் வரி முடிந்தால்தான் இரண்டாவது வரி ஓடும்.

ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். யாரோ திறந்து வைத்துவிட்டுப் போன ஒரு கோப்பை எடுக்க முடியாவிட்டால், ரோபோகாப்பி 30 விநாடிக்கு ஒருமுறை மறுபடி முயற்சி செய்யும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 10 லட்சம் முறை! விடிய விடிய அந்த ஒரே கோப்போடு மல்லுக்கட்டும், ஷட்டவுனுக்கு முறையே வராது. அதனால் கட்டளையிலேயே சாய்கோடு போட்டு, ஆர், முக்காற்புள்ளி, 2 என்று எழுதுங்கள். பக்கத்தில் அதே மாதிரி டபிள்யூ, 5. இரண்டு முறை முயலும், நடுவில் 5 விநாடி காத்திருக்கும், அப்புறம் அடுத்த கோப்புக்குப் போய்விடும்.

அடுத்தது, ரோபோகாப்பி முடியும்போது எப்படி முடிந்தது என்று சொல்லி விட்டுப்போகும் எண். பெரும்பாலான நிரல்களில் பூஜ்யம் வந்தால் வெற்றி, வேறு எது வந்தாலும் தோல்வி. ரோபோகாப்பியில் அப்படி இல்லை. பூஜ்யம் என்றால் புதிதாக நகலெடுக்க எதுவுமில்லை, 1 என்றால் கோப்புகள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் ஏதோ போகவில்லை என்று பொருள். 8-க்குக் கீழே இருந்தால் மட்டும் அணை என்று நடுவில் ஒரு நிபந்தனை வரியைச் சேர்த்துவிடுங்கள். காலையில் வந்து பார்க்கும்போது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால், பேக்கப்பில் ஏதோ கோளாறு என்று கடைப் பையனுக்குக்கூடப் புரிந்துவிடும். அணைந்திருந்தாலும், என்னென்ன நகலானது என்ற குறிப்பு இருக்கும் பதிவுக் கோப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ராத்திரி கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்து அணைந்திருக்கலாமே.

ஷட்டவுன் கட்டளைக்கு 300 விநாடி அவகாசம் கொடுங்கள். அவகாசம் முடிந்ததும் சேமிக்காத கோப்புகளைக் கேட்காமலே மூடிவிடும். யாராவது உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தால், ஷட்டவுன், சாய்கோடு, ஏ என்று அடித்து நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த ஸ்டுடியோவில் இப்போது இப்படித்தான் ஓடுகிறது. போன தையில் ஒருநாள் விடிகாலை 3 மணி தாண்டித்தான் அணைந்தது என்று பதிவில் இருந்தது. படங்கள் எல்லாம் டிஸ்க்கில் இருந்தன. வணக்கம்.