வடிகட்டல் கரையிலேயே தொடங்குகிறது

நேயர்களுக்கு வணக்கம்.

நீரில் இருக்கும் நுண்ணுயிரிகளைத் தேடும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். பெரிய குடிநீர்த் தேக்கங்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே எழுதிப் போட்டிருக்கும் விதிகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நீந்தாதே, நாயைக் கொண்டுவராதே, சொந்தப் படகை இறக்காதே, இந்தக் கோட்டுக்கு அப்பால் தூண்டில் போடாதே. அந்தப் பலகையைப் படித்து முடிப்பதற்குள், வந்தது உல்லாசத்துக்கா தண்டனைக்கா என்று சந்தேகம் வந்துவிடும்.

ஒருநாள் கரையில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். நாயோடு வந்த ஒரு பெரியவர் கேட்டார்: "ஏம்மா, கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணி. இதுல என் நாய் ஒரு முழுக்குப் போட்டா என்ன ஆயிடும்? கடல்ல பெருங்காயம் கரைச்ச மாதிரிதானே?" விதி அப்படி ஐயா என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது பதிலே இல்லை. இன்றைக்கு அவருக்குத்தான் பதில் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெருங்காயக் கணக்கில் பாதி உண்மை இருக்கிறது. பெரிய நீர்ப்பரப்பில் அழுக்கு நீர்த்துப்போகும். வண்டல் அடியில் படியும். வெயிலும் நாட்களும் சேர்ந்து பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். இதற்கெல்லாம் அவகாசம் வேண்டும் என்பதுதான் விஷயம். நீர் உறிஞ்சும் கோபுரத்துக்கு ஐம்பது மீட்டர் பக்கத்தில் விழுந்த அழுக்குக்கு அந்த அவகாசம் கிடைக்காது. ஒரே தேக்கத்தில் ஒரு கரையில் தூண்டில் போட விடுகிறார்கள், இன்னொரு கரையில் கால் வைக்கவே விடுவதில்லை என்றால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

அவகாசம் கொடுத்தாலும் சீக்கிரம் சாகாத கிருமிகள் இருக்கின்றன. கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒன்று. பத்து லிட்டர் தண்ணீரை வடிகட்டியில் செலுத்தி, அதில் தங்கியதைச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைப்போம். கறுப்புப் பின்னணியில் பச்சை ஆப்பிள் நிறத்தில் குட்டி வட்டம் ஒன்று மினுங்கும். பார்க்க அழகாகவே இருக்கும். இருநூறு வட்டங்களை வரிசையாக வைத்தால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரும். நோய் கண்ட ஒருவர் ஒருமுறை வெளியேற்றும் மலத்தில் இவை 1 கோடி முதல் 10 கோடி வரை இருக்கலாம். அடுத்தவருக்கு வயிற்றுப்போக்கு வருவதற்குப் பத்தை விழுங்கினாலே போதும். நீச்சல் குளத்தில் போடும் அளவு குளோரினில் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பெருங்காயம் கடலில் கரையும், இது கரையாது.

1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் இந்தக் கிருமியால் படுத்தார்கள். குளிக்க வந்தவர்கள் மேல் பழிபோட இதைச் சொல்லவில்லை. மிச்சிகன் ஏரியிலிருந்து நீர் எடுத்த அந்த ஊரில் வடிகட்டும் நிலையம் இருந்தது. அதையும் தாண்டிக் குழாய்க்கு வந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கேதான் பலருக்குக் குழப்பம். அதே அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குவாபின் என்ற தேக்கம் இருக்கிறது. அதற்காக நான்கு ஊர்களை 1938இல் சட்டப்படியே இல்லாமல் ஆக்கினார்கள். கல்லறைகளைக்கூடத் தோண்டி வேறிடம் மாற்றினார்கள். 1946இல் நிரம்பியது. இன்றும் பாஸ்டன் பகுதிக்கு அங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. அங்கே நீந்தக் கூடாது, நாய்க்கும் அனுமதி இல்லை. இங்கிலாந்தின் ரட்லண்ட் வாட்டரும் குடிநீர்த் தேக்கம்தான். ஆனால் அங்கே பாய்மரப் படகு ஓடுகிறது, கோடையில் ஒரு பகுதியில் குளிக்கவும் விடுகிறார்கள். யார் சொல்வது சரி? இரண்டு பேருமே. ரட்லண்ட் தண்ணீர் முழுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறது. குவாபின் தண்ணீருக்கு ஓசோனும் புற ஊதா ஒளியும் உண்டு, வடிகட்டும் ஆலை கிடையாது. சுற்றியுள்ள காடும், ஆளை அண்டவிடாத கரையும்தான் அங்கே வடிகட்டி. ஆகவே ஓரிடத்து விதியை இன்னோரிடத்தில் காட்டி வாதம் செய்யாதீர்கள். ஏரிக்கும் குழாய்க்கும் நடுவே எத்தனை தடுப்பு இருக்கிறது என்று கேளுங்கள்.

குவாபினில் கடற்காகங்களைக்கூட விரட்டுகிறார்கள். பகலெல்லாம் குப்பைமேட்டில் மேய்ந்துவிட்டு, இரவு தங்கத் தண்ணீருக்கு வரும் பறவைகள். நீர் எடுக்கும் இடத்தை அவை அண்டாதபடி படகில் போய்ச் சத்தம் போட்டுக் கலைப்பார்கள். பறவைக்குத் தீனி போடாதே என்று பலகையில் இருந்தால் சிரிக்காதீர்கள்.

படகு விஷயம் வேறு. அங்கே பயம் சிப்பியைப் பற்றியது. வரிக்குதிரைச் சிப்பி என்பார்கள், விரல் நகம் அளவுதான். வட அமெரிக்கப் பேரேரிகளில் அதை முதலில் கண்டது 1988இல். ஒரு பெண் சிப்பி வருடத்துக்குப் பத்து லட்சம் முட்டை வரை இடும், குஞ்சு கண்ணுக்கே தெரியாது. உங்கள் படகின் அடியில் தேங்கிய ஒரு குவளைத் தண்ணீரில் ஏறி வந்து, நீரேற்றுக் குழாயை உள்ளேயே அடைத்துவிடும். நியூயார்க் நகரத்தின் தேக்கங்களில் துடுப்புப் படகை நீராவியால் கழுவிய பிறகுதான் இறக்க முடியும், பிறகு அதைக் கரையிலேயே விட்டுவைக்க வேண்டும். மற்ற இடங்களில் கழுவு, வடி, காயவை என்பது பாடம். மீன் இரை வைத்த வாளியை ஏரியில் கவிழ்க்காதீர்கள். அதிலும் அந்நிய உயிர் இருக்கலாம்.

உங்கள் உயிருக்கான விதிகளும் உண்டு. இயற்கை ஏரியைப் போலத் தேக்கத்தின் கரை மெல்லச் சரிந்து போகாது, இரண்டு எட்டு வைத்ததுமே ஆழம் விழும். அடி நீர் கோடையிலும் சில்லென்றிருக்கும். திடீரென்று விழுந்தவர் முதல் மூச்சிலேயே தண்ணீரைக் குடிப்பார். மதகுப் பக்கம் உறிஞ்சும் விசை மேலே தெரியவே தெரியாது. தண்ணீர் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் இருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், தொடாதீர்கள்.

அதிகாரிகள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. கழிப்பறை ஒரு மைல் தள்ளி இருக்கும், அசுத்தம் செய்யாதீர் என்ற பலகை மட்டும் பத்தடிக்கு ஒன்று இருக்கும். மனிதர் என்னதான் செய்வார்? காரணம் எழுதாத பலகையை யாரும் மதிப்பதில்லை. மதிக்காதவரைக் குறை சொல்லி என்ன பயன்?

கடைசியாக ஒன்று. கூட வந்த குழந்தை தண்ணீரில் அசுத்தம் செய்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். காவலரிடம் சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்ற மூன்றும் தெரிந்தால் போதும். அந்தப் பக்கத்து மதகைக் கொஞ்ச நேரம் மூடுவதா, நாங்கள் பாட்டிலோடு ஓடுவதா என்று மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

வணக்கம்.