நொடிக்கு எத்தனை முறை?

நேயர்களுக்கு வணக்கம். பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றலாம் என்று உட்கார்ந்தால், பதிவு மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: சாம்பிளிங் வீதம் எவ்வளவு? 8,000, 44,100, 48,000, 96,000 என்று ஒரு பட்டியலும் நீட்டும். பலரும் இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தட்டிவிடுவார்கள்.

ஒலி என்பது இடைவிடாமல் ஏறி இறங்கும் அலை. கணினிக்கோ எண்கள்தான் தெரியும். அதனால் அலையின் உயரத்தை நொடிக்கு இத்தனை தடவை என்று அளந்து குறித்துக்கொள்கிறோம்; அந்த எண்ணிக்கைதான் சாம்பிளிங் வீதம். ஒலியில் இருக்கும் மிக உயர்ந்த அதிர்வெண் (நொடிக்கு எத்தனை அதிர்வுகள் என்பது; அதன் அலகு ஹெர்ட்ஸ்) எதுவோ, அதன் இரு மடங்குக்கு மேல் அளந்தால் போதும். 1928-இல் தொலைத்தொடர்புப் பொறியாளர் நைக்விஸ்ட் இதற்கு அடித்தளம் போட்டார்; 1949-இல் கணிதவியலாளர் ஷானன் தெளிவாக நிறுவினார். இரண்டு அளவுகளுக்கு நடுவில் அலை எப்படிப் போனது என்பதையும் அந்த எண்களிலிருந்தே முழுதாக மீட்டுவிடலாம். எனக்கு இன்றைக்கும் இது வியப்புதான்.

சரி, குறைத்து அளந்தால்? சினிமாவில் ஓடும் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒலியிலும் அதே கூத்துதான். 8,000 வீதத்தில் 5,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிந்தால், அது 3,000 ஹெர்ட்ஸாக வேஷம் போட்டு வந்து நிற்கும். அசல் 3,000 எது, போலி எது என்று அப்புறம் பிரிக்கவே முடியாது. ஆகவே அளப்பதற்கு முன்பே வடிகட்டி வைத்து, வீதத்தில் பாதிக்கு மேலே உள்ள அதிர்வெண்களை வெட்டிவிட வேண்டும். பழைய தொலைபேசி இணைப்புகளில் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிட்டு 8,000 வீதத்தில் அளந்தார்கள். 'ஸ'வா 'ஃப'வா என்று போனில் நாம் திண்டாடியது அதனால்தான்.

நம் காது அதிகம் போனால் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இரு மடங்கு 40,000. வடிகட்டியால் கத்தி வைத்ததுபோல் வெட்ட முடியாது, கொஞ்சம் இடம் விட வேண்டும். அதற்காக 44,100 என்று ஒரு விநோத எண்ணா? குறுந்தகடு வந்த காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில்தான் பதிந்தார்கள். நொடிக்கு 60 புலங்கள் (புலம் என்பது வீடியோவின் பாதிப் படம்), புலத்துக்கு 245 வரிகள், வரிக்கு 3 அளவுகள்: பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 50, 294, 3; அங்கேயும் அதே 44,100.

வீட்டுக் கேசட்டுக்கு 44,100 அல்லது 48,000 தாராளம். 96,000 வைத்தால் கோப்பு 48,000-இல் வருவதைப்போல் இரு மடங்காகும். பெரிய எண்ணைத் தேடும் நேரத்தில், டேப்ரெக்கார்டரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். அழுக்கு ஹெட் விழுங்கிய ஜால்ரா ஓசையை எந்த வீதத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வணக்கம்.