விதை இரவல் தரும் நூலகம்

நேயர்களுக்கு வணக்கம்.

வசந்த காலத்தில் பொது நூலகத்தில் என்னவெல்லாம் நடக்கும், என்னவெல்லாம் கிடைக்கும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலே போதும். ஏப்ரல் 2 டென்மார்க் நாட்டுக் குழந்தைக் கதை எழுத்தாளர் ஆண்டர்சனின் பிறந்த நாள். 1967 முதல் அதைச் சர்வதேசக் குழந்தைகள் புத்தக தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம், யுனெஸ்கோ 1995-இல் அறிவித்தது. கதை சொல்லும் நேரம், புத்தகக் காட்சி போன்றவற்றைப் பல நூலகங்கள் இந்த நாட்களை ஒட்டி வைக்கின்றன. பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

மீதி நேரத்தை நான் விதை நூலகத்துக்குத் தருகிறேன். வசந்தத்தில் நூலகம் தரும் சேவைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஏற்பாடு எளிமையானது. விதைக்கும் பருவத்தில் நூலகத்துக்குப் போய் ஒரு சிறு உறை விதை வாங்கிக்கொள்கிறீர்கள். விதைக்கிறீர்கள், அறுவடை செய்கிறீர்கள், ஒன்றிரண்டு செடிகளை விதைக்காக முற்றவிடுகிறீர்கள். அந்த விதையில் கொஞ்சத்தை நூலகத்துக்கே திருப்பித் தருகிறீர்கள். செடி பட்டுப்போனால் அபராதம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ரிச்மண்ட் பொது நூலகத்தில் 2010-இல் தொடங்கிய விதை நூலகத்தைப் பார்த்து எத்தனையோ ஊர்களில் இதை ஆரம்பித்தார்கள்.

இழுப்பறையைத் திறந்து பார்த்தால் மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும். நூற்பட்டியல் அட்டைகளை அடுக்கி வைத்திருந்து, கணினி வந்த பிறகு சும்மா கிடந்த பழைய இழுப்பறைப் பெட்டிகளைத்தான் பல நூலகங்கள் இதற்குப் பயன்படுத்துகின்றன. அந்த அட்டைகள் நின்ற இடத்தில் இப்போது காகித உறைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு உறையிலும் செடியின் பெயர், ரகம், விதை எடுத்த வருடம், எங்கே விளைந்தது என்று கையால் எழுதியிருக்கும். இவற்றில் வருடம் மிக முக்கியம். தக்காளி விதை நன்றாக உலர்த்தி வைத்தால் நான்கைந்து வருடம் தாங்கும். வெங்காய விதை ஓரிரு வருடத்திலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். வருடம் எழுதாத உறையை வாங்காதீர்கள், அப்படி ஒன்றைக் கொடுக்கவும் செய்யாதீர்கள்.

சரி, எந்த விதையைத் திருப்பிக் கொடுக்கலாம்? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அவரை, பட்டாணி, தக்காளி மூன்றும் ஏற்றவை. இவற்றில் பெரும்பாலும் ஒரே பூவுக்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுவதால், தாய்ச் செடி எப்படியோ அப்படியே அடுத்த தலைமுறையும் வரும். பூசணி அப்படி இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் வேறு ரகப் பூசணி இருந்தால் வண்டுகளும் தேனீக்களும் இரண்டையும் கலந்துவிடும். மக்காச்சோளத்தைக் காற்றே கலந்துவிடும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமென்றால் அதிலிருந்து எடுத்த விதை முதல் செடியைப் போல வராது. அதைத் தெரியாமல் உறையில் போட்டுக் கொடுத்தால், அடுத்து வாங்குபவர் ஒரு பருவத்தையே இழப்பார்.

தக்காளி விதை எடுப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. நன்றாகப் பழுத்த பழத்தின் விதையை வழுவழுப்போடு வழித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். லேசாக நாற்றம் வரும், பயப்பட வேண்டாம். வழுவழுப்பு கரைந்து நல்ல விதை அடியில் தங்கிவிடும். அலசி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் முளைப்புச் சோதனை. 10 விதைகளை ஈரத் துணியில் சுருட்டி, காயாமல் ஒரு வாரம், பத்து நாள் வையுங்கள். எட்டு முளைத்தால் 80 சதவீதம். அதையும் உறையில் எழுதிக் கொடுத்தால், வாங்குபவர் எவ்வளவு நெருக்கமாக விதைப்பது என்று முடிவு செய்துகொள்வார்.

நூலகம் விதை இரவல் தருவது சட்டப் பிரச்சினையாகவும் ஆகியிருக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மெக்கானிக்ஸ்பர்க் ஊர் நூலகம் விதைப் பகுதி தொடங்கியதும், மாநில வேளாண் துறை விதைச் சட்டத்தைக் காட்டிக் குறுக்கே நின்றது. விற்பனைக்கு வரும் விதைக்கான சோதனை, முத்திரை விதிகளை அந்தச் சின்ன உறைகளுக்கும் பொருத்தினார்கள். வணிக நோக்கம் இல்லாத பரிமாற்றத்துக்கு அந்த விதிகள் பொருந்தாது என்று 2016-இல் அதே துறை தெளிவுபடுத்தியது. கலிஃபோர்னியாவும் அதே வருடம் விதை நூலகங்களுக்கு விலக்கு தந்து சட்டம் இயற்றியது. கலப்படம் செய்து விற்பவர்களிடமிருந்து விவசாயியைக் காப்பாற்ற வந்த சட்டம், இரவல் தருபவர்களைத் தடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நூலகத்துக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களும் உண்டு. நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-இல் வெளியிட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன், நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை முதல் விதியாக வைத்தார். தோட்டக்கலை நூல் பயன்படுவது கையில் விதை இருக்கும்போதுதானே? நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி வகைப்பாட்டைப் பின்பற்றும் நூலகம் என்றால் 635 எண் தாங்கிய அலமாரியைத் தேடுங்கள், தோட்டப் பயிர்கள் எல்லாம் அங்கேதான். பறவைகள் பக்கம் ஆர்வம் என்றால் 598. சில நூலகங்கள் பறவை பார்க்கத் தொலைநோக்கியும் இரவல் தருகின்றன, கேட்டுப் பாருங்கள்.

உங்கள் நூலகத்தில் விதைப் பகுதி இல்லையென்றால் நூலகரிடம் போய்ப் பேசுங்கள். ஒரு பெட்டி, காகித உறைகள், ஒரு பதிவேடு, வாரம் ஒரு மணி நேரம் வந்து உட்காரத் தயாராக இருக்கும் இரண்டு பேர், தொடங்க இவ்வளவு போதும். ஈரமும் வெயிலும் படாத அலமாரி ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வருடம் அவரையும் தக்காளியும் போதும், பூசணியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.