ஜி1 பீக் பிரிந்துவிட்டது! ப்ராட்வே சிலிக்கா ஜெல்லும் ஆன்டிபாடி சர்க்கரையும்

வணக்கம் மக்களே! வழக்கமான தண்டையார்ப்பேட்டை மொட்டைமாடிதான். நிதானமாகப் பேச நினைத்தேன், முடியவில்லை. ஜி1 பீக் பிரிந்துவிட்டது! போன வீடியோவில் ஆன்டிபாடிச் சர்க்கரை வரைபடத்தில் ஒரு மேடு (அதுதான் பீக்) ஒரே மொத்தையாக, ஓரம் மட்டும் புடைத்துக்கொண்டு நின்றதே, அதேதான். இன்று அழகாக இரண்டாக நிற்கிறது.

புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக. நம் ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி ஆன்டிபாடியின் இரண்டு கனச் சங்கிலிகளிலும் 297-ஆவது இடத்தில் ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கும். கவட்டை மாதிரி இரண்டு கிளை. நுனிகளில் கேலக்டோஸ் என்ற சர்க்கரை இல்லையென்றால் ஜி0, ஒரு நுனியில் இருந்தால் ஜி1, இரண்டிலும் இருந்தால் ஜி2. அந்த ஒன்று எந்தக் கிளையில் இருக்கிறது? எடை இரண்டுக்கும் ஒன்றே. "மாஸ் ஸ்பெக் (எடை பார்க்கும் கருவி) போதுமே" என்று கமென்ட் போடுகிறவர்களே, வெறும் எடையில் இது தெரியாது. இந்த இரண்டையும் தனித்தனி பீக்காகப் பிரித்துக்காட்டும் ஹிலிக் முறை எனக்கு இவ்வளவு பிடிப்பதற்குக் காரணமே இதுதான்.

சரி, இதுவரை ஏன் பிரியவில்லை? கடற்காற்று! சர்க்கரையை ஒளிரவைக்க அதில் சாயம் ஒட்டுவேன். அந்தக் கரைசலில் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் இருக்கிறது, அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் சாயம் சரியாக ஒட்டாது, வெளிச்சம் குறையும். அதை ஈடுகட்ட மாதிரியை அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் அதிகம் கலக்காமலே ஏற்ற வேண்டியிருந்தது. அப்போது மாதிரியில் தண்ணீர் கூடும். தண்ணீர் கூடினால் ஹிலிக்கில் பீக் பரந்துவிடும்.

நேராக ப்ராட்வே போனேன். ஒரு சந்துக்கடையில் ஈரத்தை உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல் கிலோ 260 என்றார். "அண்ணா, லேபுக்கு வேணும், திரும்பத் திரும்ப வருவேன்" என்றேன். 240 என்றார். நடக்க ஆரம்பித்தேன். "இன்னா தம்பி, 220க்கு எடுத்துக்கோ!" 220! ஆன்லைனில் இதற்கு டெலிவரிக்கே தனியாகக் கேட்கிறார்கள். ஈரம் பட்டு இளஞ்சிவப்பானாலும் ஓவன் அடுப்பில் காயவைத்தால் மறுபடி நீலமாகிவிடும். டிஎம்எஸ்ஓ குப்பி இனி இந்த டப்பாவுக்குள்தான்.

அப்புறம், சாயம் எதற்கு என்று முழுதாகச் சொல்லவே இல்லையே. பிஎன்ஜிஏஸ் எஃப் என்சைம் சங்கிலியை ஆன்டிபாடியிலிருந்து வெட்டிவிடும். வெட்டிய சர்க்கரை தானாக ஒளிராது. 2-ஏபி சாயம் ஒரு சங்கிலிக்கு ஒன்றுதான் ஒட்டும், அதனால் பீக்கின் பரப்பை வைத்தே எது எவ்வளவு என்று கணக்கிடலாம்.

ருமட்டாய்டு மூட்டுவாதக்காரர்களின் ஐஜிஜியில் கேலக்டோஸ் குறைவு என்பதை 1985-லேயே காட்டிவிட்டார்கள். நம் பக்கத்துக்கு வாருங்கள். மழை விட்டதும் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் எல்லோர் வாயிலும் பிளேட்லெட் கணக்குதான். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், பிளேட்லெட் சரிந்த டெங்கு நோயாளிகளிடம் ஃபியூகோஸ் (இந்தச் சங்கிலியில் இருக்கும் இன்னொரு சர்க்கரை) இல்லாத ஐஜிஜி1 (ஐஜிஜியில் ஒரு வகை) அதிகமாக இருந்தது. ஃபியூகோஸ் இல்லாவிட்டால் நோயெதிர்ப்புச் செல்லின் ஏற்பியை ஆன்டிபாடி இன்னும் இறுக்கிப் பிடிக்கும். "ஆன்டிபாடி எவ்வளவு இருக்கு?" என்று மட்டும் கேட்டு நிறுத்துவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அதன் மேல் என்ன சர்க்கரை என்றும் கேளுங்கள்!

அடுத்து கேலக்டோசிடேஸ் என்சைம் போட்டு நுனியிலிருக்கும் கேலக்டோஸை வெட்டப்போகிறேன். இரண்டும் ஜி1தான் என்றால் இரண்டு பீக்கும் மறைந்து ஜி0 உயர வேண்டும். வரைபடத்தை அப்படியே திரையில் போடுகிறேன், நீங்களே பாருங்கள்.